அம்மா அப்பாவுக்கு கேமரா வாங்கித் தருவது எப்படி: கடைக்குப் போகும் முன்பிலிருந்து முதல் பிரிண்ட் வரை

சில வருடங்களுக்கு முன் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தேன். லென்ஸ் மாற்றிப் போடக்கூடிய மிரர்லெஸ். என் சேமிப்பில் பெரிய ஓட்டை விழுந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எய்யா, இது கல்யாண வீட்டுக்காரன் கேமராவுல்லா" என்றாள். என் திருப்திக்காக நாலு படம் எடுத்தாள். எட்டு மாதம் கழித்துத் தென்காசிக்குப் போனபோது, அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே உறை கழற்றாமல், பாச்சை உருண்டை வாசத்தோடு கிடந்தது. பேட்டரி செத்திருந்தது. லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை.

கேமராவில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பிடித்ததை அம்மாவுக்கு வாங்கியிருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் அம்மாவுக்கே இன்னொன்று, மாமாவுக்கு ஒன்று, நண்பனின் அப்பாவுக்கு ஒன்று எனத் தேடிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில்: வாங்கத்தான் வேண்டுமா?

உங்கள் அப்பா போனிலேயே சரளமாகப் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிறார் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் காசுக்கு நல்ல போன் வாங்கிக் கொடுங்கள். கேமரா என்பது போனோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு. வயதானவர்களின் விரல் நுனி உலர்ந்துபோனால் தொடுதிரை பல நேரம் அவர்கள் தொடுவதைக் கண்டுகொள்வதே இல்லை. அவர்கள் அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள், போன் ஆடும், படம் கலங்கும். நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். கேமராவில் அழுத்தினால் உள்ளே போகிற நிஜமான பட்டன் இருக்கிறது, கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ள வார் இருக்கிறது. வேறு வேலையும் அதற்குக் கிடையாது.

எதைப் படம் எடுப்பார்கள் என்று கவனியுங்கள்

"என்ன கேமரா வேணும்?" என்று கேட்டால் "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். அவர்கள் போன் கேலரியைத் திறந்து கடைசி நூறு படங்களைப் பாருங்கள். அம்மாவின் போனில் பாதிக்கு மேல் கோலம். மீதி செம்பருத்தி, எதிர்வீட்டுப் பூனை, பேத்தி. மாமா போனில் வயல்வெளியும், எங்கோ தூரத்தில் புள்ளியாகத் தெரிகிற கொக்குகளும். இரண்டு பேருக்கும் ஒரே கேமரா ஒத்துவராது.

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அம்மா கோலம் போட்டு முடிக்கும்போது மணி ஐந்தரை. வெளிச்சம் தெருவிளக்கு மட்டும். ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் இருட்டு. ஃபிளாஷை அணைத்தால் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவு, மெதுவாகி, கை ஆடி, புள்ளியெல்லாம் கோடாகும். போதாக்குறைக்கு, சாணம் தெளித்த தரை பெரும்பகுதி இருட்டாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், மாவுக் கோடு வெளிறிப் போகும். ஆக, அம்மாவுக்கு முதல் தேவை கை நடுக்கத்தை லென்ஸிலேயே ஈடுகட்டுகிற ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன். இரண்டாவது, முழுக் கோலத்தையும் நின்ற இடத்திலிருந்தே அடக்குகிற அகன்ற கோணம். கடையில் 24 அல்லது 25 எம்எம்மில் தொடங்குகிற லென்ஸ் என்று கேளுங்கள். 28 என்றால் பெரிய கோலத்துக்கு அம்மா ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கும். அறுபது வயதில் அது வேண்டாம்.

மாமாவுக்குத் தேவை ஜூம். ஜூம் என்றால் ஆப்டிகல் ஜூம் மட்டும்தான். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை நறுக்கிப் பெரிதாக்குவது. அதைக் கம்ப்யூட்டரில் நாமே செய்யலாம். அதற்காக 125 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி1000க்குப் பாயாதீர்கள். அதன் எடை 1.4 கிலோ. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வரப்பில் நின்று அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் தெரியும். கேனான் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 40 மடங்கு ஜூமோடு 300 கிராம்தான். மாமாவுக்கு அதுவே அதிகம். முழு ஜூமில் கொக்கு சட்டத்துக்குள் நிற்பதில்லை, கொக்கைத் தேடுவதற்குள் அது பறந்துவிடுகிறது என்று இப்போதும் புலம்புகிறார்.

கையும் கண்ணும்

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. கேமராத் திரையைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் பார்ப்பார்கள். நீட்டிய கை நடுங்கும். வெயிலில் திரை கண்ணாடி போலாகி அவர்கள் முகமே தெரியும். இதற்கெல்லாம் பழைய மருந்து ஒன்று இருந்தது, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர். கேமரா நெற்றியில் ஊன்றிக்கொள்ளும், ஆட்டம் குறையும். பக்கத்தில் டயாப்டர் என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பி அவரவர் பார்வைக்கு ஏற்ப வைத்தால் பலருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும். ஃபிலிம் கேமரா பிடித்து வளர்ந்த அப்பாக்களுக்கு இது கைப்பழக்கம்.

சோகம் என்னவென்றால் சட்டைப்பையில் போடுகிற கேமராக்களிலிருந்து அது மறைந்துகொண்டே வருகிறது. பானசோனிக் டிஇசட்95இல் இருந்தது, 2025இல் வந்த டிஇசட்99இல் எடுத்துவிட்டார்கள். பழைய மாடல் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

கைக்கு எடை மட்டுமல்ல, பிடியும் முக்கியம். மிகவும் மெலிதான கேமரா சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு முன்பக்கம் விரல் பதிகிற மேடு ஒன்று இருந்தால் நல்லது. 150லிருந்து 300 கிராம் வரை சரியான எடை என்பது என் அனுபவம். ரொம்ப லேசாக இருந்தாலும் ஷட்டர் பட்டனை அழுத்தும்போது கேமரா சேர்ந்து இறங்கும்.

பெட்டியில் எழுதியிருப்பதில் எதைப் படிப்பது

மெகாபிக்சலைத் தாண்டிப் போங்கள். ஸ்டூடியோவில் போடுகிற மேக்ஸி சைஸ், அதாவது 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சலே போதும். ஏ4 அளவுக்கு 9 இருந்தால் தாராளம். இன்று கிடைக்கும் எதிலும் அதைவிட அதிகம்தான்.

சென்சார், அதாவது உள்ளே படம் பதிகிற சில்லு, அதன் அளவைப் பாருங்கள். காம்பாக்ட் என்கிற சாதாரணச் சின்ன கேமராவில் 1/2.3 அங்குலம் என்று போட்டிருக்கும், நிஜத்தில் அது 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். ஒரு அங்குல சென்சார் என்பார்கள், அதுவும் அங்குலம் இல்லை, 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். ஆனால் பரப்பு நாலு மடங்கு. விடிகாலைக் கோலம், கோயில் பிரகாரம், ராத்திரி கொலு எல்லாவற்றிலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். விலையிலும் தெரியும். சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7எக்ஸ் வரிசையெல்லாம் இந்த ரகம். படம் அருமை, மெனு காடு. நீங்கள் ஒரு முறை எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்து, மறுபடி அவர்கள் மெனு பக்கமே போகாதபடி செய்ய முடியும் என்றால் வாங்கலாம். இதே குடும்பத்தில் சோனி இசட்வி-1எஃப் மட்டும் கவனம். அதில் ஆப்டிகல் ஜூமே கிடையாது. தங்களையே வீடியோ எடுத்துப் பேசுகிற இளவட்டங்களுக்குச் செய்தது, பேத்தி மேடையில் ஆடுவதை எட்டாவது வரிசையிலிருந்து எடுக்க அல்ல.

மொழி. இதைப் பலர் கவனிப்பதில்லை. நிக்கான் கேமராக்கள் பலவற்றில் மெனு தமிழிலேயே வரும். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கு இது பெரிய விஷயம். வாங்கும் முன் மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பேட்டரியும் கார்டும்

கேமரா பீரோவுக்குப் போவதற்கு முதல் காரணம் பேட்டரி. பொங்கலுக்கு எடுத்துவிட்டு அடுத்து சித்திரைத் திருவிழாவுக்கு எடுப்பார்கள், அதற்குள் சார்ஜ் இறங்கியிருக்கும், சார்ஜர் எங்கே என்று தெரியாது.

பென்சில் செல் போடுகிற கேமரா இதற்கு நல்ல தீர்வு. கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 அப்படி இரண்டு செல்லில் ஓடுகிறது. ஆனால் பெட்டிக்கடையில் கடிகாரத்துக்கு வாங்குகிற மலிவு செல் கேமராவுக்கு ஆகாது, நாலைந்து படத்தில் கவிழ்த்துவிடும். ஆல்கலைன் என்று கேட்டு வாங்க வேண்டும், அல்லது சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டியில் இரண்டு குழி "புதுசு", இரண்டு குழி "தீர்ந்தது" என்று ஒட்டிக் கொடுத்தேன். அது வேலை செய்கிறது.

லித்தியம் பேட்டரி கேமரா என்றால் இரண்டாவது பேட்டரியும், சுவரில் நேரடியாகச் செருகும் சார்ஜரும் சேர்த்து வாங்குங்கள். கேமராவின் ஓரத்தில் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பித் திறந்து வயரைச் செருகுவது நமக்குச் சுலபம், அவர்களுக்கு இல்லை.

மெமரி கார்டு 32 ஜிபி ஒன்று போதும், சுமார் 5,000 படம் பிடிக்கும். பழைய கேமராவென்றால் 32ஐத் தாண்டவே வேண்டாம், 64 ஜிபி கார்டை அது படிக்காமல் போகலாம். கார்டு சாதாரண எஸ்டி அளவில் இருக்கட்டும். 2016இல் வந்த இக்ஸஸ் 285 எச்எஸ்ஸை கேனான் 2025இல் மறுபடி கொண்டுவந்தது, நல்ல எளிய கேமராதான், ஆனால் இம்முறை கார்டு இடத்தை மைக்ரோ எஸ்டிக்கு மாற்றிவிட்டார்கள். விரல் நகம் அளவுக் கார்டு அம்மா கையிலிருந்து விழுந்தால் கோலமாவுக்குள்தான் தேட வேண்டும். அதை வாங்கினால் கார்டை வெளியே எடுக்கும் வேலை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசா, பழசா?

2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023இல் 80 லட்சத்துக்கும் குறைவு. அழிந்ததில் பெரும்பகுதி இந்த எளிய காம்பாக்ட் கேமராக்கள்தான். அதனால் பழைய கேமரா பக்கமும் போக வேண்டிவரும். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பழைய படங்களின் நிறத்துக்காகவே வாங்க ஆரம்பித்திருப்பதால் விலை ஏறிக் கிடக்கிறது. பேரம் பேசுங்கள்.

பழசு வாங்கும்போது போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். ஜூமை முழுக்க உள்ளேயும் வெளியேயும் பத்து முறை ஓட்டுங்கள், கரகரவென்று மணல் சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். அந்த பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று அங்கேயே போனில் தேடுங்கள். புதுசு என்றால் பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எடுத்த உடனே காகிதத்தில் பார்க்க வேண்டும், கார்டு கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபியூஜிஃபிலிம் இன்ஸ்டாக்ஸ் இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் பத்துப் படம். அந்த பத்தும் தீர்ந்தபின் அடுத்த பாக்கெட்டை மாதாமாதம் அனுப்ப நீங்கள் தயாரா என்பதுதான் கேள்வி.

கடையில் பத்து நிமிடம்

கேமராவைக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஷட்டர் எது, ஆன் பட்டன் எது என்று தடவியே தெரிகிறதா? பல சின்ன கேமராக்களில் இரண்டும் ஒட்டியபடி ஒரே உயரத்தில் இருக்கும். "சிரிங்க" என்று சொல்லி அழுத்தினால் கேமரா அணைந்துபோகும்.

அடுத்து வீடியோ பட்டன். பின்பக்கம் கட்டைவிரல் ஊன்றுகிற இடத்திலேயே சிவப்புப் புள்ளியோடு இருந்தால் அந்த மாடலை ஒதுக்குங்கள். நண்பனின் அப்பா கார்டில் 12 நிமிட வீடியோ ஒன்று இருந்தது. முழுக்க அவர் வேட்டி ஓரமும், ரேஷன் கடை வரிசையில் யாரோ பேசுகிற அரசியலும்.

கையை நீட்டித் திரையைப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கடைசியாகப் படம் பார்க்கும் பட்டன். முக்கோணம் போட்டிருக்கும். ஒரு அழுத்தில் படம், இன்னொரு அழுத்தில் மறுபடி கேமரா என்று வர வேண்டும்.

கொடுப்பதற்கு முந்தைய ராத்திரி

பெட்டியைப் பிரிக்காமல் பளபளப்புத் தாள் சுற்றிக் கொடுத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் முறை ஆன் செய்ததும் கேமரா நாடு, நேரம், தேதி என்று வரிசையாகக் கேள்வி கேட்கும். அந்த இடத்திலேயே ஆர்வம் வடிந்துவிடும். அதனால் நீங்களே பிரித்து இதையெல்லாம் செய்துவிடுங்கள்.

தேதியும் நேரமும் வையுங்கள். படத்தின் மூலையில் தேதி விழுகிற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். நமக்கு அது அசிங்கம், அவர்களுக்கு அது ஆவணம். மோடு முழு ஆட்டோ. டிஜிட்டல் ஜூம் அணையுங்கள். பீப் சத்தமும் ஷட்டர் சத்தமும் உச்சத்தில் இருக்கட்டும், படம் விழுந்தது என்று காதுக்குத் தெரிய வேண்டும். தானாக அணைகிற நேரத்தை முடிந்த அளவு நீட்டுங்கள். கண் சிவப்பு நீக்கும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது முதலில் ஒரு முறை மின்னும், படம் விழுந்துவிட்டது என்று நினைத்து எடுப்பவர் கையை இறக்குவார், எடுக்கப்படுகிறவர் திரும்புவார், அப்போதுதான் நிஜமாகப் படம் விழும்.

இப்போது அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுங்கள். ஷட்டர் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. படம் பார்க்கும் பட்டன் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு. வேறு எதிலும் எதுவும் வேண்டாம். மோடு சக்கரம் பைக்குள் உரசித் தானாகத் திரும்பும், அதன் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கார்டின் இடப்பக்கம் இருக்கும் சின்னப் பூட்டு மேலே தள்ளியிருக்கிறதா பாருங்கள். கீழே இறங்கினால் கேமரா படத்தைச் சேமிக்காது, உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் வரும்.

ஒரு வேலை பாக்கி. காம்பாக்ட் கேமராக்கள் 4க்கு 3 என்ற விகிதத்தில் எடுக்கும், மேக்ஸி பிரிண்டோ 3க்கு 2. அப்படியே போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும், உயரமான சித்தப்பாவின் தலை போய்விடும். மெனுவில் 3:2 என்று இருந்தால் அதை வைத்துவிடுங்கள்.

முதல் நாள்

மூன்றே விஷயம் சொல்லிக் கொடுங்கள். ஆன் செய்வது, எடுப்பது, பார்ப்பது. ஜூம் அடுத்த வாரம். எடுப்பதில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்து பீப் கேட்டபின் மீதியை அழுத்த வேண்டும். இந்தப் பாதி அழுத்தல் அவர்களுக்கு உடனே பிடிபடாது. ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு நொடி மூச்சைப் பிடிப்போமே, அந்த நொடிதான் இது என்று அம்மாவிடம் சொன்னேன். இருபது படத்தில் வந்துவிட்டது. கேமரா அவர்கள் கையிலேயே இருக்கட்டும். "குடு, நான் காட்டுறேன்" என்று நீங்கள் வாங்கிய நிமிடம் அது உங்கள் கேமராவாகிவிடும்.

வைக்கிற இடத்தையும் அன்றே முடிவு செய்யுங்கள். பீரோ வேண்டாம். பாச்சை உருண்டை, கற்பூரம் இருக்கும் இடத்தில் கேமராவை வைக்காதீர்கள் என்று நிக்கானின் கையேடுகளே எச்சரிக்கின்றன. டிவி ஸ்டாண்டு, பூஜை அறை வாசல் ஆணி என்று கண்ணில் படுகிற இடம்தான் சரி. மழைக்காலத்தில் இரண்டு சிலிகா ஜெல் பாக்கெட்டோடு ஒரு டிபன் டப்பாவுக்குள்.

"எடுத்த படமெல்லாம் எங்கய்யா போவுது?"

இரண்டாவது கேமரா கொடுத்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி இது. ஃபிலிம் ரோல் காலத்தில் இதற்குப் பதில் இருந்தது. 36 படம், கழுவக் கொடுத்தால் ஒரு கவரில் திரும்பி வரும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடாக் கேமராவை விற்றபோது, பட்டனை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் விளம்பரம் செய்தார். நூறு படம் எடுத்துக் கேமராவையே திருப்பி அனுப்பினால் கழுவிப் பிரிண்ட் போட்டுப் புது ஃபிலிமும் மாட்டிக் கொடுத்தார்கள். இப்போது அந்த "மற்றது" நம் தலையில்.

ஆகவே பரிசோடு ஒரு ஏற்பாடும் வேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் கார்டில் உள்ளதை லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றிவிடுங்கள். கார்டை அழிக்காதீர்கள், அவர்கள் பழைய படத்தைத் தேடிப் பார்ப்பார்கள். நடுவில் தேவைப்பட்டால் பக்கத்து ஸ்டூடியோவில் கார்டைக் கொடுத்துப் பிரிண்ட் போட ஒரு முறை கூடவே போய்ப் பழக்கிவிடுங்கள். எந்தப் படம் என்று சொல்ல, திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் போதும்.

போன தடவை அம்மாவின் கார்டில் 412 படங்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிரிண்ட் போடுவதற்காக 25 எண்கள் எழுதி வைத்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்த்தேன். பேத்தி ஏழு, கோலம் பதினாறு, செம்பருத்தி ஒன்று, அப்பா தூங்குவது ஒன்று. அறுபதுக்கு மேல் எடுத்திருந்த பூனைக்கு ஒன்றுகூட இல்லை. கேட்டால், "அது தெனம் வந்துட்டுத்தானய்யா இருக்கு" என்கிறாள்.